தாராவிப் பள்ளியும் தாய்மொழிக் கல்வியும்

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. ஒரு தளத்தில் மராத்தியில் பாடம் நடக்கும். அடுத்த தளத்தில் இந்தி. அதற்கும் மேலே உருதுவோ தமிழோ ஒலிக்கும். காலைப் பிரார்த்தனை முடிந்து குழந்தைகள் வரிசையாகப் படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் ஒரு மொழி பிரிந்து தன் வகுப்பறைக்குச் சென்றுவிடுகிறது. இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் கீழே இறங்கி வந்து, மும்பைக்கே உரிய இந்தியில் கூச்சலிட்டு விளையாடுகிறார்கள்.

மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் தொடக்கக் கல்வி அளித்து வந்திருக்கிறது அந்த மாநகராட்சி. பிழைப்புத் தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்தவரின் பிள்ளைக்கும் அவர் வீட்டு மொழியிலேயே, நகரத்தின் பொதுப் பணத்தில் எழுத்தறிவிப்பது சாதாரணச் செயல் அன்று. இவ்வளவு பெரிய மனத்துடன் செய்யப்பட்ட அந்த ஏற்பாட்டை அதன் பயனைப் பெற வேண்டியவர்களே இன்று மெல்ல விட்டு விலகுகிறார்கள் என்பதுதான் வியப்பு. தமிழ்வழி வகுப்புகளில் மட்டுமல்ல, மண்ணின் மொழியான மராத்திவழி வகுப்புகளிலும் குழந்தைகள் குறைந்து வருகிறார்கள். 2020ஆம் ஆண்டை ஒட்டி மாநகராட்சியே மத்தியப் பாடத்திட்டத்தில் ஆங்கிலவழிப் பள்ளிகளைத் தொடங்கியபோது, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்க வேண்டிய அளவுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

ஏன் இந்த விலகல்? பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையான விடை அன்று.

மாலை நேரத்துத் தமிழும் காலை நேரத்துத் தமிழும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 5 லட்சத்திற்குச் சற்று அதிகம். அவர்களுள் பெரும் பகுதியினர் மும்பையிலும் அதைச் சுற்றிலும் வாழ்கிறார்கள். மும்பைத் தமிழர் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் அவர்கள் வந்த வழிகள் வேறு வேறு.

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடி மிகுந்த நகரத்திற்கு வடக்கே காற்றோட்டமான புதிய குடியிருப்புகளை அமைக்கும் பொறுப்பு, 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு டிரஸ்டிடம் வந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகள் அவ்வாறு உருவாயின. ரயில்வேயிலும் வணிக அலுவலகங்களிலும் கணக்கராகவும் தட்டச்சராகவும் பணிபுரிய வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. கோயிலும் பஜனை மடமும் எழுந்தன. 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு தொடக்கப் பள்ளியாகப் பிறந்த அந்தச் சங்கம் இன்று கல்லூரிகள் பல நடத்தும் பெரிய அமைப்பாக வளர்ந்துள்ளது.

அடுத்த தலைமுறையினர் பலர் செம்பூருக்குப் பெயர்ந்தார்கள். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்தபின் செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் மேலும் பெருகின. செட்டா நகர் முருகன் கோயிலும், இசையும் நாட்டியமும் கற்பிக்கும் நுண்கலைச் சங்கமும் அவர்களுடைய பண்பாட்டுக்குச் சான்றாக நிற்கின்றன. இந்த வீடுகளின் குழந்தைகள் பகலில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். மாலையில் பாட்டு வகுப்பு, சுலோக வகுப்பு. அவர்களுள் பலருக்குத் தமிழில் பேச வரும், பாட வரும். ஒரு கடிதம் எழுதச் சொன்னால் தயங்குவார்கள்.

தாராவியின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் உழைப்பாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1913இல் கட்டப்பட்ட கணேசர் கோயில் தாராவியின் பழமையான கோயில் என்று கருதப்படுகிறது. அந்தக் குடும்பங்களுக்குப் பாட்டு வகுப்பும் நடன வகுப்பும் எட்டாக் கனி. அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டியது மாநகராட்சிப் பள்ளிதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் மாலை நேரத்து மொழியாகிவிட்டது. தாராவியில்தான் அது இன்னும் காலை பத்து மணிக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தரும் மொழியாக இருக்கிறது. அந்த இடமும் போய்விட்டால், மும்பையில் தமிழ் கோயிலிலும் மேடையிலும் மட்டும் வாழும் மொழியாகிவிடும்.

சட்டமும் சான்றோர் வாக்கும்

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 350 அ பிரிவு கூறுகிறது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. எல்லைக் கோடுகளை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வேறு மொழிக் குழந்தைகள் இருந்தே தீருவார்கள் என்பதை அன்றைய தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், கூடுமானால் எட்டாம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும் வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது.

இந்தக் கருத்து சட்டப் புத்தகத்தில் பிறந்தது அன்று. பாரத நாட்டின் ஆன்மிகச் சான்றோர் இதை வாழ்ந்து காட்டியவர்கள். ஞானேசுவரர் 1290இல் கீதையின் பொருளை நேவாசாவில் மராத்தியில் விரித்துரைத்தபோது, வயலில் உழுபவருக்கும் நூல் நூற்பவருக்கும் வேதாந்தம் வீட்டு மொழியில் கிடைத்தது. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே நம்மாழ்வாரின் திருவாய்மொழி தமிழகத்தில் திராவிட வேதமாகப் போற்றப்பட்டது. மிக உயர்ந்த பொருளையும் தாய்மொழியில் சொல்ல முடியும் என்றால், பின்னக் கணக்கையும் ஒளியின் இயல்பையும் சொல்ல முடியாதா?

1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் காந்தியடிகள் பேசினார். புனே நகரப் பேராசிரியர்கள் சிலர் தமக்குச் சொன்ன ஒரு கணக்கை அவர் அவையில் எடுத்துரைத்தார். அறிவை அந்நிய மொழி வழியாகத் தேடுவதால் ஒவ்வோர் இந்திய இளைஞனும் வாழ்வில் குறைந்தது 6 ஆண்டுகளை இழக்கிறான் என்பதே அந்தக் கணக்கு. ஒரு தேசத்தின் மாணவர் அனைவருக்குமாக அதைப் பெருக்கிப் பார்க்கும்படி அவர் சபையோரைக் கேட்டுக்கொண்டார்.

பெற்றோரின் கணக்கு

இவ்வளவு சொல்லியும் தாராவித் தாயார் ஒருவர் தம் மகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கிறார் என்றால், அவர் கணக்கையும் கேட்பதுதான் நியாயம். தொடக்க நிலையில் எட்டு மொழிகளுக்கு இடம் இருக்கிறது. உயர்நிலை வகுப்புக்கு வரும்போது வழி குறுகுகிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டினால் மும்பையில் கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அலுவலகத்தில் நேர்காணல் நடத்துபவர் எந்த மொழியில் கேள்வி கேட்பார் என்பது வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்மணிக்கும் தெரியும். மாடிப்படி பாதியில் நின்றுவிடும் என்று தெரிந்த பிறகு யார் குழந்தையை அதில் ஏற்றுவார்? மொழியை வெறுத்து அவர்கள் போகவில்லை. மேலே வழி இல்லாததைக் கண்டு போகிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் இனம் விடுபட்டுப் போகிறது. விளையாட்டுத் திடலில் பேசும் மொழித்திறன் ஒன்று. பாடத்தைப் படித்துப் பொருளுணர்ந்து எழுதும் மொழித்திறன் வேறொன்று. கனடாவில் பணியாற்றிய கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் பேசிப் பழக ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும். அதே மொழியில் பாடங்களைச் சிந்தித்துக் கற்கும் திறன் வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். வீட்டில் ஆங்கிலம் கேட்காத குழந்தை, முதல் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கும்போது, அந்த 5 ஆண்டுகளையும் மனப்பாடத்தில் கழிக்கிறது. ஆசிரியர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை வருவதில்லை. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்க் குழந்தைக்கு ஒளியும் தெரியும், சேர்க்கையும் தெரியும். பாதிப் பொருள் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்குரிய ஆங்கிலச் சொல் அதே குழந்தைக்கு வெறும் ஓசை.

ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிப்பது வேறு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பிப்பது வேறு. தமிழ்வழி வகுப்பில் முதல் ஆண்டிலிருந்தே நல்ல ஆசிரியர் ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பித்தால், தாயாரின் அச்சம் பெருமளவு நீங்கும். அதோடு மராத்தியும் குழந்தைக்கு வேண்டும். 2020இல் மகாராஷ்டிரம் இயற்றிய சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமையும் நன்றியும் ஆகும். நான்கு மொழிகள் சுமையாகாதா என்று சிலர் கேட்கலாம். தாராவிக் குழந்தை கடைவீதியில் நின்று அவற்றுள் மூன்றையாவது ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது!

போதிய ஏற்பாடு இல்லாமல் தாய்மொழிக் கல்வியை அறிவித்துவிடுவதும் பயன் தராது. பிலிப்பைன்ஸ் நாடு 2012இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கியது. நூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை என்ற குறை தொடர்ந்து எழுந்தது. 2024இல் அந்தக் கட்டாயத்தைச் சட்டம் இயற்றியே கைவிட்டது. நம் நாட்டில் ஒடிசா 2006ஆம் ஆண்டுவாக்கில் சந்தாலி, சவரா, குயி, கோயா, ஜுவாங் உள்ளிட்ட 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. அந்தந்த ஊர்க் கதைகளையும் பாடல்களையும் பாடநூலுக்குள் கொண்டுவந்தது. மொழியைப் பள்ளிக்குள் அழைத்தால், அந்த மொழி சுமந்து வரும் அறிவையும் உள்ளே அழைக்க வேண்டும் என்பதை அங்கே உணர்ந்திருந்தார்கள்.

ஏட்டில் ஏறாத அறிவு

தாராவியின் அறிவு எது? 1909ஆம் ஆண்டு அரசிதழ்க் குறிப்பு, பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் கூறுகிறது. கோலிகள் எனப்படும் மீனவர்களே அந்த மண்ணின் மூத்த குடிகள். கடிகாரம் இல்லாமலே கடல் ஏற்றத்தைச் சொல்லும் கணக்கு ஒன்று கொங்கணக் கரையில் வழங்குகிறது. அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால், கடல் முழுதும் ஏறும் நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அஷ்டமியன்று எட்டை முக்காலால் பெருக்கினால் ஆறு மணி. தசமியன்று ஏழரை. ஏகாதசியன்று எட்டேகால். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழுவதால் கடலும் அவ்வாறே தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தை முக்கால் மணி என்று வசதியாகச் சுருக்கியதே இந்த வாய்பாடு. ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கு, சந்திரனின் இயக்கம், பஞ்சாங்கம், கடல் ஆகிய நான்கும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, மித்தி ஆறு கரை புரண்டு மும்பையை மூழ்கடித்தது. அந்த ஆற்றின் ஓரத்தில் வாழும் குழந்தைகளுக்கு முக்கால் வாய்பாடு வெறும் கணக்கு மட்டும்தானா?

தமிழகத்திலிருந்து வந்த தோல் தொழிலாளர் கொண்டுவந்த அறிவும் அத்தகையதே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பச்சைத் தோல் அழுகாமல் பதப்படும் என்பதைத் தமிழக மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளோடு பிணைந்து அவற்றை இறுக்குகிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுப்பது ஏன்? அதே துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைவதால்தான். ஆறு சுவைகளுள் துவர்ப்பைத் தனியே எண்ணிப் பெயர் வைத்த மொழியில் இந்த வேதியியல் பாடத்தைத் தொடங்குவது எவ்வளவு இயல்பானது! தாராவியில் இரவில் அரைத்து வைக்கும் இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி எழுவதும் நுண்ணுயிர்களின் வேலைதான். உளுந்தோடு வரும் அந்த உயிர்கள் மாவைப் புளிக்கவைத்து, உண்டாகும் வாயுவால் அதை உப்பச் செய்கின்றன. குளிர்காலத்தில் மாவு ஏன் தாமதமாகப் பொங்குகிறது என்பது, விடியலில் மிதிவண்டியில் இட்லிப் பாத்திரம் ஏற்றிச் செல்பவரின் பிள்ளைக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரிந்திருக்கக் கூடும். சற்றுத் தள்ளிக் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றிச் சூளை மூட்டுகிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் சென்று கற்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் கொள்கை கூறுகிறது. தாராவிப் பள்ளிகளுக்கு அது நடந்து போகும் தூரம்.

ஓர் எச்சரிக்கை

இந்த இடத்தில் தமிழர்கள் தங்கள் வரலாற்றிலேயே கற்ற ஒரு பாடத்தை மறக்கக் கூடாது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடு, தாய்மொழியில் கைத்தொழிலை மையமாகக் கொண்ட 7 ஆண்டுக் கல்வியைப் பரிந்துரைத்தது. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கையும் அறிவும் சேர்ந்து வளர வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அதில் இருந்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கியது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. இருக்கும் பள்ளிகளில் இரு முறைகளாக அதிகக் குழந்தைகளைச் சேர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டு, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். இன்று தாராவியில் அவர் பெயர் தாங்கி ஒரு பள்ளி நிற்கிறது. அது ஆங்கிலவழிப் பள்ளி என்பது, பெற்றோரின் ஏக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

ஆகவே தோல் பதனிடும் அறிவைத் தோல் தொழிலாளியின் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பது பழைய தளையைப் புதிய பெயரில் பூட்டுவதாகும். அதே பாடத்தை மாட்டுங்காவின் மாணவனும் செம்பூரின் மாணவியும் தேர்வுக்குரிய அறிவியலாகப் படிக்கும்போதுதான் அது அறிவாக மதிக்கப்படும். தன் தாத்தாவின் கைத்திறன் எல்லோருடைய பாடநூலிலும் இடம் பெற்றிருப்பதைக் காணும் குழந்தை தலை நிமிர்ந்து நிற்கும். அந்தக் குழந்தை பின்னர் மருத்துவராகலாம், பொறியாளராகலாம். தொழிலைத் தேர்வது அதன் உரிமை.

மற்றொரு கடமையும் உண்டு. தமிழுக்காகக் குரல் கொடுப்பவர், மும்பையில் தமக்கும் முன்பிருந்த மொழிகளையும் நினைக்க வேண்டும். கோலிகளின் பேச்சும், ஆரே வனப்பகுதியிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பாடாக்களிலும் வாழும் வார்லி மக்களின் பேச்சும் பாடநூல் மராத்தியிலிருந்து வேறுபட்டவை. வார்லி ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அதைப் பரப்பிய ஜீவ்யா சோமா மாஷேவுக்கு 2011இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த ஓவியம் நகரத்தின் சுவர்களையும் சேலைகளையும் அலங்கரிக்கிறது. அதை வரைந்த மக்களின் மொழிக்கு வகுப்பறையில் இன்னும் நாற்காலி இல்லை. தமிழ்க் குழந்தைக்குக் கிடைத்த தளம் அளவுக்குக்கூட அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது தாராவியே மாறப் போகிறது. 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான புனரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மற்றவர்களுக்கு வெளியே வேறு இடங்களில் குடியிருப்பு என்பது ஏற்பாடு. வீட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் மொழிவழி வகுப்பு ஒன்று உயிர்வாழ, நடந்து வரும் தூரத்தில் அந்த மொழிக் குழந்தைகள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒரு தெருவில் வாழ்ந்த 40 குழந்தைகள் நான்கு மூலைகளுக்குப் பிரிந்து போனால், எந்த மூலையிலும் தமிழ்வழி வகுப்புக்கு ஆள் சேராது. அரசாணை எதுவும் இல்லாமலே, ஒருவரும் முடிவு செய்யாமலே அந்த வகுப்பு மூடப்பட்டுவிடும். புதிய கட்டடங்களுக்கு வரைபடம் தயாராகும் இந்தக் காலத்திலேயே, பள்ளிக்கென ஒதுக்கும் தளங்களில் தமிழுக்கும் மராத்திக்கும் உருதுவுக்கும் எந்தத் தளம், பத்தாம் வகுப்பு வரை அந்தப் படி ஏறுமா என்று பெற்றோரும் ஆசிரியரும் தமிழ்ச் சங்கங்களும் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். வீடு மாறிச் சாமான்களை இறக்கிய பிறகு கேட்டால், அந்தத் தளத்தில் வேறு ஏதேனும் அலுவலகம் வந்திருக்கும்.